தெருக்கூட்டிகளுக்கு ஒரு ஞாயிறு

எமில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, 1985 ஏப்ரலில், ஜெனவியேவிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. புதுச்சேரியில் பிறந்து கல்யாணமாகி, இருபத்தேழு வயதில் கணவன் எமிலோடு பாரிசுக்கு வந்தவள். லா ஷப்பேலுக்குப் பக்கத்து மேரியில், அதாவது வட்டார நகரமன்ற அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை பார்த்து வந்தாள்.

எமில் ஒரு சனிக்கிழமை காலை அலுவலகத்துக்கு அருகிலிருந்த மருத்துவமனையில் இறந்தார். ஆகவே அவருடைய இறப்பும் அவள் பிரிவிலேயே பதிவாயிற்று. எழுதியவள் பக்கத்து மேசை இசபெல். எழுதும்போது அவள் கண் கலங்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். ஜெனவியேவ் எதிரே நின்று தலைகீழாகவே அதைப் படித்துவிட்டு, பிறந்த இடத்தில் புதுச்சேரி, இந்தியா என்று போட்டால் சரியாகாது, அவர் பிறந்த வருடத்தில் அது பிரெஞ்சு இந்தியா, அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொன்னாள். இசபெல் வேறு தாள் எடுத்து எழுதினாள். அடக்கம் முடிந்த நான்காம் நாள் ஜெனவியேவ் வேலைக்குத் திரும்பினாள். எல்லோரும் அவளுடைய தைரியத்தைப் பாராட்டினார்கள். அது தைரியம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வேறு என்னவென்றும் தெரியவில்லை. பசித்தது, தூங்கினாள், வீடிருந்த சென் தெனியிலிருந்து மெத்ரோ பிடித்து நேரத்துக்கு வந்தாள். ஒன்றும் வலிக்கவில்லை.

எமிலின் தங்கை ஞானம்மா ஒவ்வொரு ஞாயிறும் வில்லியே லே பெல்லிலிருந்து குழம்பும் பொரியலும் செய்து எடுத்துக்கொண்டு வருவாள். வந்தால் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அண்ணி, ஒரு தடவ வாய்விட்டு அழுதுடுங்க. உள்ளயே வச்சிக்கிட்டிருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"வரல ஞானம். வந்தா அழமாட்டேனா?" என்றாள் ஜெனவியேவ். சொல்லிவிட்டு, பொரியலில் உப்பு சரியாக இருக்கிறது என்றாள்.

வேலையைக் கொடுத்தவர் மன்ற உறுப்பினர் மிசியே ரெனார். பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பேச ஆரம்பித்தால் நாற்காலியில் உட்காரமாட்டார். நூற்றிருபது வருடங்களுக்கு முன் இந்தப் பக்கத்துத் தெருக்களைக் கூட்டிப் பெருக்கியவர்கள் யார் தெரியுமா என்று கேட்டார். ஜெனவியேவுக்குத் தெரியவில்லை. ஜெர்மன்காரர்கள் என்றார். ஹெஸ் நாட்டுக் கிராமங்களில் பிழைக்க வழியில்லாமல் ஊர் ஊராகக் கிளம்பி வந்த குடியானவர்கள். ஆணும் பெண்ணும் விடியுமுன் துடைப்பத்தோடு இறங்குவார்கள். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர். தங்களுக்கென்று பள்ளிக்கூடமும் கோவிலும் வைத்துக்கொண்டார்கள். 1870இல் பிரான்சும் ஜெர்மனியும் போட்ட சண்டையில் துரத்தப்பட்டார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். 1914இல் மறுபடி துரத்தப்பட்டார்கள். இன்றைக்கு அவர்களைப் பற்றி இங்கே ஒருவருக்கும் தெரியாது.

ரெனார் அவர்களுக்கென்று ஒரு நாள் வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார். அக்டோபர் முதல் ஞாயிறு. அதிகாரபூர்வமான நாள், வருடா வருடம். ஹெஸ்ஸிலிருந்து ஒரு சிற்றூரின் மேயர் பேண்டு வாத்தியத்தோடு வரச் சம்மதித்துவிட்டார். இனி வேண்டியதெல்லாம் பெயர்கள். பெயர் இல்லாமல் யாரை நினைப்பது என்று கேட்டார். ஜெனவியேவ் 1860லிருந்து இருபத்தைந்து வருடப் பதிவேடுகளைப் பார்த்துப் பட்டியல் எடுத்துத் தர வேண்டும்.

அவள் சரி என்றாள். அந்த மாதங்களில் அவளிடம் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

மத்தியானத்துக்கு மேல் கிஷே, அதாவது சான்றிதழ் கொடுக்கும் ஜன்னல், மூடியதும் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பதிவேடுகளைத் திறந்து உட்காருவாள். அவளுக்கு அந்த வேலை தோதாக இருந்தது. தொழில் என்ற இடத்தில் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது: தெருக்கூட்டி. தகப்பன் தெருக்கூட்டி, தாய் தெருக்கூட்டி, சாட்சி தெருக்கூட்டி, கையெழுத்துப் போடத் தெரியாது. பிறந்து மூன்று நாள், பிறந்து ஐந்து வாரம் என்று இறந்த குழந்தைகள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தார்கள். அவள் கையில் பென்சிலோடு எல்லாவற்றையும் நகல் எடுத்தாள். ஒருமுறை இசபெல் கீழே வந்து பார்த்துவிட்டு, இதையெல்லாம் எப்படித்தான் படிக்கிறீர்களோ என்றாள். ஜெனவியேவுக்கு எழுத்துத்தான் கண்ணில் பட்டது. சில குமாஸ்தாக்களின் கையெழுத்து மோசம், அதுதான் சிரமம் என்றாள்.

மே மாதத்தில் பட்டியல் இருநூற்றைத் தாண்டியது. அப்போது ரெனார் இன்னொன்று கேட்டார். அந்தக் குடும்பங்களில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா? மேடையில் ஒரே ஒருவராவது நின்றால் போதும், நாளுக்கு உயிர் வந்துவிடும் என்றார்.

நூறு வருடம் ஆகாத பிறப்புப் பதிவை, உரியவரையும் அவர் வாரிசையும் தவிர வேறு யாருக்கும் காட்டக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பது அது. ஆனால் பதிவுப் பிரிவில் இருப்பவள் பதிவேட்டைத் திறப்பதை யார் கேட்கப் போகிறார்கள்? யோஹான்னஸ் ஷேஃபர் என்ற தெருக்கூட்டியின் குடும்பத்தை அவள் பின்தொடர்ந்து போனாள். 1866இல் கல்யாணம், இங்கே இரண்டு குழந்தைகள், பிறகு சண்டை வருடம், ஒன்றும் இல்லை, 1873இல் மறுபடி ஒரு பெண் குழந்தை. 1903 பதிவேட்டில் லினா ஷேஃபர் என்ற பெயர் கிடைத்தது. தகப்பன் கேயோர்க் ஷேஃபர், பால் வியாபாரி, 1870இல் ஹெஸ்ஸில் பிறந்தவர். துரத்தப்பட்ட சமயத்தில் பிறந்த பிள்ளை என்று கணக்கு சரியாக வந்தது. பக்க ஓரத்தில் வேறொரு மையில் ஒரு குறிப்பு: 1921இல் நீதிமன்றத் தீர்ப்பின்படி இப்பெண்ணின் பெயர் இனி லீன் ஷஃபேர். இறந்ததற்கான குறிப்பு எதுவும் இல்லை. வாக்காளர் பட்டியலில் தேடினாள். ரூ ஃபிலிப் தெ ழிரார் என்ற தெருவில், நடந்து போகும் தூரத்தில், லீன் ஷஃபேர் இருந்தாள். எண்பத்திரண்டு வயது.

ஒரு வியாழக்கிழமை ஜெனவியேவ் அங்கே போனாள். மூன்றாம் மாடிப் படியில் அவளுக்கு முன்னால் ஓர் இளைஞன் பால் புட்டியும் ரொட்டியும் வைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தான். அவள் தட்ட வேண்டிய கதவையே அவனும் தட்டினான். திரும்பிப் பார்த்துவிட்டு, நீங்கள் தமிழோ என்று கேட்டான். பெயர் தவரத்தினம். யாழ்ப்பாணம், அகதி அட்டை கிடைத்து ஒரு வருடம், உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறான், ஆறாம் மாடியில் கூரைக்குக் கீழே ஓர் அறை. கிழவிக்குக் கால் முடியாததால் கடைச் சாமான் வாங்கிக் கொடுக்கிறானாம். ஜெனவியேவ் தான் புதுச்சேரி என்றதும், அதுதான் கதைக்கிறது வேறுமாதிரி இருக்குது என்று சிரித்தான்.

மத்மொஷேல் ஷஃபேர் கல்யாணம் செய்துகொள்ளாதவள். கையுறைக் கடையில் நாற்பது வருடம் தையல் வேலை பார்த்தவள். மெலிந்து நிமிர்ந்த உடம்பு. ஜெனவியேவை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டு முடித்ததும், தன் குடும்பம் வடக்கே பிக்கார்திப் பக்கம், ஜெர்மன்காரர்களோடு எந்தக் காலத்திலும் சம்பந்தம் கிடையாது என்றாள். அதை நேராகக் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். பல வருடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். ஜெனவியேவ் அதை எதிர்க்கவில்லை. காகிதத்தில் ஏதோ குழப்பம் போலிருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்று எழுந்துகொண்டாள்.

கதவு வரை வந்த கிழவி கைப்பிடியைப் பிடித்தபடியே கேட்டாள்.

"அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது?"

"எங்கள் பதிவேட்டில், மத்மொஷேல்."

"மூடித்தானே இருக்கிறது?"

"மூடித்தான் இருக்கிறது," என்றாள் ஜெனவியேவ்.

ஜூனில் தீர்மானம் மன்றத்துக்கு வந்தது. இரண்டு பேர் எதிர்த்தார்கள், ஒருவர் வெளியே போனார், மற்றவர்கள் கை தூக்கினார்கள். அக்டோபர் முதல் ஞாயிறு ஜெர்மன் குடியேறிகள் நாள் ஆயிற்று. ரெனார் படியிறங்கி வந்து ஜெனவியேவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அப்புறம், உயிரோடு இருப்பவர்கள் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

அவள் பெயரைச் சொன்னாள். பழைய பெயர், புதிய பெயர், தெரு. அவர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஏன் சொன்னாள் என்று பிற்பாடு பல தடவை யோசித்துப் பார்த்தாள். ரெனார் வற்புறுத்தவில்லை. அவருக்குப் பயப்பட வேண்டிய காரணமும் இல்லை. கிழவி மேல் கோபமும் இல்லை. அவர் கேட்டார், அவளுக்குத் தெரிந்திருந்தது, சொன்னாள். மறைப்பதற்கு மனதில் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் எமிலின் மேல்கோட்டை எடுத்து ஞானம்மாவின் வீட்டுக்காரருக்குக் கொடுக்க மடித்து வைத்தாள். கிழவியின் நினைவே வரவில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் பேட்டைச் செய்தித்தாளில் அரைப் பக்கம் வந்தது. ஹெஸ் தெருக்கூட்டிகளின் கடைசிப் பேத்தி நம்மிடையே வாழ்கிறார்: ரூ ஃபிலிப் தெ ழிராரில் வசிக்கும் மத்மொஷேல் லீன் ஷஃபேர், பிறந்த பெயர் லினா ஷேஃபர், அக்டோபர் ஆறாம் தேதி நினைவுக் கல்லைத் திறந்துவைப்பார். அழைப்புக்கு அவளிடமிருந்து பதில் இல்லை. வயதானவர்களின் கூச்சம் என்று ரெனார் நினைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, தவரத்தினம் மேரிக்கு வந்தான். எண் சீட்டு எடுத்து, வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, தன் முறை வந்ததும் கிஷேயில் அவள் முன்னால் நின்றான். கையில் ஒரு காகிதமும் இல்லை.

"அக்கா, நீங்கள்தானே அண்டைக்கு மூண்டாம் மாடி மனிசியிட்டை வந்தது?"

அவள் ஆமாம் என்றாள்.

"மனிசி இப்ப கதவு திறக்கிறா இல்லை. பேப்பரிலை வந்த நாளிலையிருந்து. படம் எடுக்கிறதுக்கு ரெண்டு பேர் வந்து தட்டினவை. அதுக்குப் பிறகு கீழை தபால் பெட்டியிலை இருந்த பேரைக் கிழிச்சுப் போட்டா. நான் பாலை வாசலிலை வைக்கிறன், பின்னேரம் வந்து பாத்தா அப்பிடியே இருக்கு. நேத்து மட்டும் ரொட்டியை எடுத்திருக்கிறா."

பின்னால் நின்றவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள்.

"ஆர் அந்தப் பேரைக் குடுத்தது?" என்று கேட்டான் தவரத்தினம்.

"நான்தான் தம்பி."

அவன் தலையை ஆட்டினான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

"எனக்கு அது விளங்கும் அக்கா, அவவின்ரை பயம். எண்பத்து மூண்டிலை நான் கொழும்பிலை வேலை. வெள்ளவத்தையிலை இருந்தனாங்கள். வந்தவங்கள் கையிலை வாக்காளர் இடாப்பு வைச்சுக்கொண்டுதான் வந்தவங்கள். எந்த வீடு, எத்தினை பேர், எல்லாம் அதிலை இருந்தது. சிங்கள வீடு ஒண்டையும் தொடேல்லை. எங்கடை வீட்டு நம்பரை ஒருத்தன் வாசிச்சதை நான் பின் மதிலுக்கு அங்காலை நிண்டு கேட்டனான். இஞ்சை அப்பிடி ஒண்டும் நடக்காதெண்டு எனக்குத் தெரியும். ஆனா அவவுக்கு ஆர் சொல்லுறது?"

அவன் போன பிறகு அடுத்த ஆளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதினாள். எழுதிக்கொண்டிருக்கும்போது காது சூடாவது தெரிந்தது. அப்புறம் கழுத்தும் சூடாயிற்று. உடம்புக்கு ஏதோ வருகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். பேனாவைக் கீழே வைத்தபோது அது வெட்கம் என்று புரிந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அவளுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அன்று மத்தியானமே ரெனாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நூறு வருடம் ஆகாத பதிவைத் திறந்தேன், அதிலிருந்ததை உங்களுக்குக் கொடுத்தேன், அந்த அம்மாள் ஜெர்மன் சம்பந்தமே கிடையாது என்று என்னிடம் மறுத்திருந்தாள், அதை உங்களிடம் சொல்லவில்லை என்றாள். ரெனார் அன்றைக்கு உட்கார்ந்தே இருந்தார். நல்ல மனிதர், முகம் வெளுத்துவிட்டது. நிகழ்ச்சி நிரலிலிருந்து கிழவியின் பெயரை உடனே எடுத்துவிடுகிறேன், அச்சடித்ததைக் கிழித்துப்போட்டு வேறு அடிக்கிறேன் என்றார். ஜெனவியேவ் செய்ததை மேலதிகாரிகளிடம் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னார். ஆனால் ஜெனவியேவ் தன் பிரிவுத் தலைவியிடமும் போய் அதையே சொன்னாள். ஒரு வாரத்தில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதிவுப் பிரிவிலிருந்து எடுத்து, பள்ளிச் சாப்பாட்டு அட்டை கொடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். இசபெல் அழுதாள். ஜெனவியேவ் தன் மேசை இழுப்பறையைக் காலி செய்து, ஸ்வெட்டரையும் குடையையும் எடுத்துக்கொண்டு ஒரு மாடி கீழே இறங்கினாள்.

ரூ ஃபிலிப் தெ ழிராருக்கு மூன்று நாள் தொடர்ந்து போனாள். முதல் நாள் கதவைத் தட்டிவிட்டு நின்றாள். இரண்டாம் நாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் மூடிய கதவைப் பார்த்துப் பேசினாள்.

"மத்மொஷேல், நான் மேரியிலிருந்து வந்தவள். உங்கள் பெயரைக் கொடுத்தது நான். மூடித்தான் இருக்கிறது என்று உங்களிடம் சொல்லிவிட்டு நானே கொடுத்தேன். அதற்கு ஒரு காரணமும் இல்லை. நிரலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். இனி யாரும் வந்து தட்டமாட்டார்கள்."

பிறகு சங்கிலி போட்டபடி கதவு ஒரு கை அகலம் திறந்தது. கிழவியின் கண்ணும் கன்னத்தின் ஒரு பாதியும் தெரிந்தன.

"பதிவேட்டிலிருந்து எடுத்தாயிற்றா?"

"அதிலிருந்து எடுக்க முடியாது. யாராலும் முடியாது."

இந்தப் பதிலைக் கேட்டு மறுபடி மூடிவிடுவாள் என்று ஜெனவியேவ் எதிர்பார்த்தாள். கிழவி மூடவில்லை. சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, யாரோ வேறு ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லத் தொடங்கினாள். 1914 ஆகஸ்ட். அவளுக்குப் பதினோரு வயது. பால் கடைக் கண்ணாடியை ஒரு கூட்டம் வந்து உடைத்தது. தினமும் பால் வாங்க வரும் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். பால் தெருவில் ஓடியது. இரண்டு நாள் கழித்துக் காவலர்கள் ஒரு பட்டியலோடு வந்து அப்பாவை மேற்கே பிரெத்தாஞில் ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வயதிலிருந்து இந்தத் தெருக்களிலேயே வளர்ந்தவர்; ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம்கூட எழுதத் தெரியாது. 1917இல் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா அவருடைய கடிதங்களையெல்லாம் அடுப்பில் போட்டாள். பெயரை மாற்றினாள். பிக்கார்தி என்று சொல் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"அவர் கையால் எழுதிய ஒரு சொல்கூட என்னிடம் இல்லை," என்றாள் கிழவி.

ஜெனவியேவ் சொன்னாள்: "பதிவேட்டில் இருக்கிறது. உங்கள் பிறப்பை அவர்தான் வந்து பதிந்திருக்கிறார். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். நீங்கள் கேட்டால் காட்டித்தான் ஆகவேண்டும். அது உங்கள் பதிவு."

அடுத்த புதன்கிழமை தவரத்தினம் வேலைக்குப் போகுமுன் கிழவியை ஒவ்வொரு படியாக இறக்கிக் கொண்டுவந்தான். ஜெனவியேவுக்கு இப்போது பதிவேட்டைத் தொட உரிமை இல்லை. இசபெல்தான் எடுத்துவந்து, பக்கத்தில் இருந்த பெயர்களைத் தாள் வைத்து மறைத்து, மேசையில் விரித்தாள். கிழவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். கேயோர்க் ஷேஃபர் என்று சாய்வான எழுத்து. மை காயுமுன் கை பட்டு, கடைசி எழுத்துகள் வலப்பக்கமாகக் கலைந்திருந்தன.

"இடது கைக்காரர்," என்றாள் கிழவி. "எப்போதும் இப்படித்தான். கடைக் கணக்குப் பலகையிலும் இப்படித்தான் அழிந்திருக்கும்."

அவள் அதைத் தொடவில்லை. நிறைய நேரம் பார்த்துவிட்டு, நகல் வேண்டுமா என்று இசபெல் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். வெளியே வந்ததும் படியில் நின்று, அந்த ஞாயிற்றுக்கிழமை பெயர்களை வாசிப்பார்களா என்று ஜெனவியேவிடம் விசாரித்தாள். வாசிப்பார்கள், நூறு வருடத்துக்கு முந்தியவர்கள் மட்டும் என்றாள் ஜெனவியேவ். தாத்தாவின் பெயரை விட்டுவிட வேண்டாம், அவர் உண்மையாகவே கூட்டியவர் என்றாள் கிழவி. அப்பாவைப் பற்றியும் தன்னைப் பற்றியும் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

அக்டோபர் ஆறாம் தேதி வெயில் அடித்தது. ஹெஸ்காரர்களின் பழைய கோவிலுக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் மேடை போட்டிருந்தார்கள். நூறு பேர் இருப்பார்கள். பாதிப்பேர் பேண்டுக்காக வந்தவர்கள். ரூ பெர்தொனே பக்கமிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாமான் வாங்கிக்கொண்டு வந்த தமிழர்கள் சிலரும், என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்துவிட்டு நின்றார்கள். ரெனார் பேசினார், கொஞ்சம் நீளமாகவே பேசினார். ஊருக்குள் வந்து வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் ஊர் கடன்பட்டிருக்கிறது என்றார். கல்லின் மேலிருந்த துணியை அவரும் ஹெஸ் மேயரும் சேர்ந்து இழுத்தார்கள். பிறகு மேயர் பட்டியலை எடுத்தார். பென்சிலில் எழுதி, பிறகு ஜெனவியேவ் தட்டச்சு செய்த அதே பட்டியல்.

மூன்று பேரும் கூட்டத்தின் பின்னால், மூடியிருந்த ஒரு கடையின் வாசலோரம் நின்றார்கள். கிழவி ஒரு பக்கம் தவரத்தினத்தின் கையையும் மறுபக்கம் ஜெனவியேவின் கையையும் பிடித்திருந்தாள். பட்டியல் அகரவரிசையில் மெதுவாகப் போனது. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் வந்த ஊரின் பெயர். தவரத்தினம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றான்.

"யோஹான்னஸ் ஷேஃபர்," என்று வாசித்தார் மேயர்.

பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அந்தப் பெயர் கடைசி எழுத்தில் இழுபடும். மேயர் முதலெழுத்தில் அழுத்தி, கடைசியை விழுங்கிச் சொன்னார். ஜெனவியேவ் தன் கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகுவதை உணர்ந்தாள்.

"அப்படித்தான் சொல்ல வேண்டும்," என்றாள் கிழவி, யாரையும் பார்க்காமல். மேயர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

வாசித்து முடித்ததும் பேண்டு தொடங்கியது. நீளமான மேசைகளில் இறைச்சிக் குழலும் முட்டைக்கோசும் வைத்திருந்தார்கள். தவரத்தினம் வரிசையில் நின்று மூன்று காகிதத் தட்டுகளில் வாங்கிவந்தான். சதுக்கத்து ஓரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கிழவி கொஞ்சம் தின்றுவிட்டு, உப்பு அதிகம், அம்மா செய்தால் இப்படி இருக்காது என்றாள். அப்புறம் திரும்பி, உன் கணவர் எப்படி இறந்தார் என்று கேட்டாள். ஜெனவியேவ் விதவை என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. தவரத்தினமாக இருக்கலாம்.

இத்தனை மாதத்தில் அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் வருத்தம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஜெனவியேவ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இடது தோளில் வலி என்றார். பேருந்தில் இடிபட்டிருக்கும் என்று தைலம் தேய்த்தேன். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டார். மூச்சு வாங்கியது. என்னைக் காப்பி போடச் சொன்னார். போட்டு எடுத்துவந்தேன், குடிக்கவில்லை. வண்டி வந்தது. மருத்துவமனையில் என்னை நடைக்கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். ஒன்பதரை மணிக்கு மருத்துவர் வந்தார். நான் முதலில் அவருடைய சட்டைப் பையிலிருந்த பேனாவைத்தான் பார்த்தேன். தைலம் தேய்க்காமல் அப்போதே கூட்டிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.

கிழவி கேட்டுக்கொண்டிருந்தாள். காப்பியில் சர்க்கரை போட்டிருந்தாயா என்று மட்டும் கேட்டாள்.

"இரண்டு கரண்டி," என்றாள் ஜெனவியேவ். "அவருக்குக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குப் போட்டேன்."

அதைச் சொன்னபோது குரல் ஒரு இடத்தில் தட்டி நின்று, பிறகு தொடர்ந்தது. கண்ணில் ஒன்றும் வரவில்லை. வந்துவிடுமோ என்று ஒரு நொடி காத்திருந்தாள். பேண்டுக்காரர்கள் புதிதாக ஒரு மெட்டை ஆரம்பித்தார்கள். நான்கைந்து பேர் கை தட்டினார்கள்.

தவரத்தினத்துக்கு ஐந்து மணிக்கு வேலை. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அக்கா, இப்ப வெளிக்கிட்டால்தான் சரி, மனிசி ஏறுறதுக்கு நேரம் எடுக்கும் என்றான். மூவரும் எழுந்தார்கள். ரூ ஃபிலிப் தெ ழிராரில் மூன்று மாடியும் ஏற அரை மணி நேரம் ஆயிற்று. கதவைத் திறக்குமுன் கிழவி ஜெனவியேவிடம், வியாழக்கிழமை வருவதானால் மூன்று மணிக்கு மேல் வா, அதற்கு முன் தூங்குவேன் என்றாள்.

ஜெனவியேவ் சரி என்றாள். கீழே இறங்கி மெத்ரோவை நோக்கி நடந்தாள். ஞானம்மா வந்து வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருப்பாள் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் வேகமாக நடந்தாள்.